உயரம் குறைத்த காரில் சீரற்ற டயர் தேய்மானமும் இரைச்சலும்: காரணம் கண்டறியும் முறை

காரின் உயரத்தைக் குறைத்த சில மாதங்களில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து மொட்டையாவதும், வேகம் கூடும்போது அடியிலிருந்து ஓயாத இரைச்சல் எழுவதும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இவற்றுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கலாம். சக்கரம் தரையில் நிற்கும் கோணம் மாறியிருக்கலாம். ஸ்பிரிங்குக்கும் சாக் அப்சர்பருக்கும் இடையிலான பொருத்தம் கெட்டிருக்கலாம். பாகங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்து ஒன்றோடொன்று உரசலாம். ஒவ்வொரு காரணமும் டயரில் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் புது டயர் வாங்கும் முன்பே கோளாறு பிடிபடும்.

உயரம் குறைக்கும் வழிகள்

தமிழ்நாட்டில் அதிகம் உயரம் குறைக்கப்படுபவை ஸ்விஃப்ட், போலோ, ஹோண்டா சிட்டி, சிவிக் போன்ற கார்கள். இவற்றின் தரை இடைவெளி தயாரிப்பு நிலையில் ஏறத்தாழ 160 முதல் 170 மி.மீ. இருக்கும். அதைக் குறைக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: உயரம் குறைந்த ஸ்பிரிங்குகளை மாட்டுவது, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில் ஓவர் பொருத்துவது, இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டுவது. மூன்றாவது மிக மலிவானது. கோளாறுகள் மிகுதியும் அதிலிருந்தே தொடங்குகின்றன.

ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் மீதமுள்ள ஐந்தும் முன்பைவிட 20 சதவீதம் விறைப்பாகின்றன. சாக் அப்சர்பரோ பழைய விறைப்புக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. புதிய துள்ளலை அதனால் முழுதாக அடக்க முடியாது. வெட்டுவதற்கு கேஸ் கட்டிங் பயன்படுத்தினால் வெப்பம் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய், நாளடைவில் ஸ்பிரிங் மேலும் தணியும், அல்லது உடையும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமராததால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, மீண்டும் அமரும்போது ‘டங்’ என்று ஒலிக்கும். இடமும் வலமும் ஒரே அளவில் வெட்டப்படாவிட்டால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்நிலையில் எந்த அலைன்மென்ட்டும் நிலைக்காது.

கோணங்களில் நேரும் மாற்றம்

சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் இயங்குகின்றன. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பர்சன் வகுத்த இவ்வமைப்பு, 1950 இல் ஃபோர்டு நிறுவனத்தின் கான்சல், செஃபர் கார்கள் வழியே பரவியது. சக்கரத்தைக் கீழே ஒரு லோயர் ஆர்மும் மேலே சாய்வான ஸ்ட்ரட்டும் பிடித்துக்கொள்கின்றன. உடல் கீழிறங்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை வில்வடிவப் பாதையில் நகர்ந்து சக்கரத்தின் அடிப்பகுதியை வெளியே தள்ளுகிறது. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது. இதுவே நெகட்டிவ் கேம்பர். 40 மி.மீ. இறக்கினால் பல கார்களில் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை கேம்பர் கூடும். லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு இறக்கிவிட்டால் இந்த ஒழுங்கும் குலைந்து, வளைவுகளில் வெளிச்சக்கரம் நிமிர வேண்டிய அளவுக்கு நிமிராது.

கேம்பரைவிடக் கேடு விளைவிப்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவு. ஸ்டீயரிங் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு வில்களில் நகர்பவை. குறித்த உயரத்தில் மட்டுமே அவ்விரண்டும் ஒத்துப்போகும்படி தயாரிப்பாளர் அமைத்திருப்பார். உயரம் மாறியதும் டை ராடு சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. ஸ்டீயரிங் ரேக் சக்கர அச்சுக்குப் பின்னால் உள்ள பல கார்களில் இத்திருப்பம் டோ-அவுட் பக்கமாகவே அமைகிறது. ஓடும்போது சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் டோ மாறிக்கொண்டே இருப்பதால், கைவிடாமல் பிடித்திருந்தும் கார் இங்குமங்கும் அலையும்.

டோ செய்யும் சேதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 3 மி.மீ. டோ இருந்தால் ஒரு சக்கரத்தின் பங்கு 1.5 மி.மீ. அச்சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 2.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 37 கி.மீ.; ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் பக்கவாட்டு இழுப்பு 90 மீட்டரை எட்டும். டோ சரியாக இருக்கும்போது ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரைப் பெரும்பாலான டயர்கள் தாங்கிக்கொள்கின்றன. இரண்டும் சேரும்போதுதான் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அழிகிறது.

பின்சக்கரங்களின் நிலை காருக்குக் கார் வேறுபடும். ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றில் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் உள்ளது. உயரம் குறைத்தாலும் அங்கே கேம்பரும் டோவும் அதிகம் மாறுவதில்லை. மாறியிருந்தால் பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவிக் போலப் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் கார்களில் கேம்பரும் டோவும் கணிசமாக மாறும். இவற்றின் பின்டயர் உள்விளிம்பு பார்வைக்கு எட்டாத இடத்தில் தேய்ந்து, காற்று இறங்கும் வரை தெரியாமலே போவதுண்டு.

தேய்மானத்தைப் படித்தல்

டயரின் மிதிபரப்பைக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். புது கார் டயரில் பட்டனின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆவது விதி, கார் டயருக்கு 1.6 மி.மீ. ஆழத்தைக் குறைந்தபட்ச வரம்பாக வைக்கிறது. சீரற்ற தேய்மானத்தில் சராசரி ஆழத்துக்குப் பொருளில்லை. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில், சுற்றளவில் நான்கு புள்ளிகளிலாவது அளக்க வேண்டும். அப்போது கீழ்க்காணும் வகைகளுள் ஒன்று புலப்படும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி; இரு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. இவை உயரக் குறைப்பால் வருபவை அல்ல. ஆயினும் முதலில் விலக்கப்பட வேண்டியவை. அகலமான அலாய் சக்கரத்துக்கு மாறியவர்கள் பழைய காற்றளவையே தொடர்வதால் இவ்வகை அடிக்கடி தென்படுகிறது.

உள்விளிம்பு வழவழப்பாகவும் சாய்வாகவும் தேய்ந்து, கைக்குக் கூர்முனைகள் தட்டுப்படாவிட்டால் கேம்பர்தான் காரணம். வரிகளின் ஓரங்கள் ரம்பப்பல் போலக் கூர்மையாக இருந்தால் காரணம் டோ. உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் நகர்த்திப் பார்த்தால் திசை தெரியும். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது கூர்மை தட்டினால் டோ-இன் மிகுதி. வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது தட்டினால் டோ-அவுட் மிகுதி. உள்விளிம்பு அழிந்திருப்பதோடு டோ-அவுட் கூர்மையும் சேர்ந்திருப்பதே உயரம் குறைத்த முன்சக்கரத்தின் வழக்கமான தோற்றம்.

சுற்றளவு நெடுகக் குழியும் மேடுமாகத் தேய்ந்திருப்பது அடுத்த வகை. சக்கரம் தரையை விட்டுத் துள்ளித் துள்ளி மிதிப்பதன் விளைவு இது. காரின் சக்கரமும் அதனோடு சேர்ந்த பாகங்களும் இயல்பாகத் துள்ளும் வேகம் நொடிக்கு 10 முதல் 15 முறை. மேற்சொன்ன 185/65 ஆர்15 டயர் மணிக்கு 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 முதல் 14 முறை சுழல்கிறது. இரண்டும் ஒரே எல்லைக்குள் விழுவதால், நெடுஞ்சாலை வேகத்தில் சிறிய பேலன்சிங் குறையும் துள்ளலைத் தூண்டிவிடும். அதை அடக்க வேண்டிய சாக் அப்சர்பர் தளர்ந்திருந்தால் டயரின் அதே இடம் மீண்டும் மீண்டும் அடிபடும். குழித் தேய்மானம் கண்டால் சாக் அப்சர்பரையும் பேலன்சிங்கையும் சோதிக்காமல் அலைன்மென்ட்டை மட்டும் திருத்துவதில் பயனில்லை.

முன்சக்கர இயக்கக் கார்களின் பின்டயர்களில் பட்டன் கட்டிகளின் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தாழ்ந்தும் தேய்வதுண்டு. பின்பக்கம் எடை குறைவு. அதோடு சிறிய டோ பிழையும் சேர்ந்தால் டயர் தரையைப் பற்றாமல் விட்டுவிட்டு நழுவும். கண்ணுக்கு எளிதில் படாத இத்தேய்மானமே காருக்குள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கை உண்டாக்குகிறது.

ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது. சில பழைய கார்களிலும் வேன்களிலும் பின்பக்கச் சுமைக்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. பின்பகுதியை இறக்கியதும் வண்டியில் பாரம் ஏறியிருப்பதாக அது எடுத்துக்கொண்டு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

இரைச்சலைப் பிரித்தறிதல்

மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கார் எழுப்பும் ஒலியில் டயரின் பங்கே மேலோங்குகிறது. அதனால் உயரம் குறைத்த பின் கேட்கும் ஒவ்வோர் ஒலியும் கோளாறு ஆகாது. விறைப்பான ஸ்பிரிங் வழியாகச் சாலையின் அதிர்வு முன்பைவிடக் கூடுதலாக உள்ளே வரும். கோளாறு என்று கொள்ளத்தக்க ஒலிகளை அவை எப்போது வருகின்றன என்பதைக்கொண்டு பிரிக்கலாம்.

வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் தொடர் உறுமல் டயரிலிருந்தோ வீல் பேரிங்கிலிருந்தோ வரலாம்; இரண்டையும் குழப்பிக்கொள்வதே அதிகம் நேரும் பிழை. ஆக்சிலரேட்டரை விட்டுக் கிளட்சை மிதித்தாலும் இரண்டும் மாறுவதில்லை. தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது ஒலியின் தன்மை மாறினால் அது டயர். நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது ஒலி கூடினால் வலப்பக்கப் பேரிங் மீது ஐயம் கொள்ளலாம். முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை: ஒலியும் இடம் மாறினால் டயர், அங்கேயே நின்றால் பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பிரிங் மீது விரல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

பள்ளத்தில் மட்டும் வரும் ‘டக்’ ஒலிக்கு ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆழமான ‘தொம்’ ஒலி என்றால் சாக் அப்சர்பர் தன் ஓட்டம் முடிந்து பம்ப் ஸ்டாப் எனும் தடுப்பில் மோதுகிறது. உயரத்தைக் குறைத்த அளவு, மேல்நோக்கிய ஓட்டத்திலிருந்தே கழிகிறது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதும், பின்னிருக்கையில் ஆள் ஏறும்போதும் மட்டும் வரும் ‘சர்’ என்ற உரசல், டயர் மட்கார்டு லைனிங்கில் படுவதைக் காட்டும். அகலச் சக்கரமும், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசரும் சேர்ந்த கார்களில் இது அதிகம். ஸ்பேசர் பேரிங்கின் சுமையையும் கூட்டுகிறது. வேகமெடுக்கும்போது மட்டும் நடுங்கினால் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு மிகுந்து அதன் ஜாயின்ட் திணறுகிறது.

ரப்பர் புஷ் தொடர்பாக ஒரு நுட்பம் உண்டு. அதன் நடுக்குழாய், போல்ட்டை முறுக்கிய நிலையில் அசையாது நின்றுவிடும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கேறி இறங்கும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தாமல் விட்டுவிட்டால் கார் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். அது சீக்கிரம் கிழிந்து ஒலியெழுப்பும். கோணத்தையும் நிலையாகப் பிடித்து வைக்காது. கார் புதிய உயரத்தில் தரையில் நிற்கும்போது போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் முறுக்குவதே முறை.

மயிலம் வட்டாரச் சாலைகளின் பங்கு

ஒரே கோளாறு எல்லாச் சாலையிலும் ஒரே வேகத்தில் டயரைத் தின்பதில்லை. எடுத்துக்காட்டாக, திண்டிவனத்தை அடுத்த மயிலம் வட்டாரத்தில் இருவேறு சாலைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. திண்டிவனம்–விழுப்புரம் நான்குவழிச் சாலையில் கார்கள் ஒரே வேகத்தில், திருப்பங்கள் குறைவாக, நெடுநேரம் ஓடுகின்றன. டோ பிழை தொடர்ந்து டயரை இழைக்கவும், குழித் தேய்மானம் ஒரே தாளத்தில் வளரவும் ஏற்ற நிலை இது. கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் வழியாகப் புதுச்சேரி நோக்கிப் போகும் சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிராமச் சாலைகளிலும் நிலைமை வேறு. திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகளின் டிப்பர் லாரிகள் ஓடும் பாதைகளில் தார் ஓரங்கள் உடைவதும் ஜல்லி சிதறுவதும் வழக்கம். ஓட்டம் குறைந்த சாக் அப்சர்பர் அங்கே பம்ப் ஸ்டாப்பில் அடிபடும். விளிம்பில் ஏறி இறங்கும் ஒரு மோதலே டை ராடை வளைத்து, முந்திய நாள் செய்த அலைன்மென்ட்டைக் கெடுக்கப் போதும்.

வேகத்தடைகளையும் அளவோடு பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீ., வளைவின் ஆரம் 17 மீ. இரு அச்சுகளுக்கு இடையே 2.45 மீ. நீளமுள்ள கார் அதன்மேல் ஏறி நிற்கும்போது வயிற்றுப்பகுதி இழக்கும் இடைவெளி 4.4 செ.மீ. மட்டுமே; 40 மி.மீ. இறக்கிய காரும் இதைத் தாண்டிவிடும். ஊர் முகப்புகளில் வரையறைக்கு மாறாகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட தடைகளில், தடையின் முழு உயரமும் அடிப்பகுதிக்கு நேராக வருகிறது. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் கோயிலுக்கு ஐந்து பேர் சாமான்களோடு போகும் காரில் பின்பகுதி இன்னும் பல சென்டிமீட்டர் தணிந்திருக்கும். ஆகவே உயரம் குறைத்த காரை வெறுங்காராக மட்டும் சோதிக்காமல், வழக்கமாக ஏறும் சுமையோடும் பார்க்க வேண்டும்.

சோதனையின் வரிசை

காற்றும் டயரும் முதலில். நான்கிலும் ஒரே அளவா, ஒரே வகையா, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் காட்டும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் என்ன என்று குறித்து, தேய்மானத்தை அளந்துகொள்ள வேண்டும். அடுத்து உயரம்: சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, இடமும் வலமும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபடாமல் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஆட்டம்: சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும், இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராடு எண்டும் தெரியும். சாக் அப்சர்பரில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தேய்ந்த பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண்.

அதன்பிறகே நான்கு சக்கர அலைன்மென்ட். முன்சக்கர டோவை மட்டும் சரிசெய்து அனுப்புவது பல கடைகளின் வழக்கம். பின்சக்கரங்கள் காரின் நடுக்கோட்டிலிருந்து விலகித் தள்ளினால் அது பயன்படாது. பின்சக்கரங்களை முதலிலும், முன்சக்கரக் கேம்பரையும் காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) அடுத்தும், டோவைக் கடைசியிலும் பார்ப்பதே சரியான வரிசை. கேம்பரை மாற்றினால் டோ தானாகவே மாறிவிடும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அச்சிட்ட அளவுகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எந்த அளவு எவ்வளவு பிறழ்ந்திருந்தது என்பது டயரில் கண்ட தடயத்தோடு பொருந்தினால் கண்டறிதல் உறுதியாகிறது. பொருந்தாவிட்டால், நிற்கும்போது தெரியாமல் ஓடும்போது மட்டும் நகரும் புஷ் ஒன்று எங்கோ இருக்கிறது.

திருத்தங்கள்

டோவைப் பெரும்பாலான கார்களில் டை ராடைத் திருகியே சரிசெய்யலாம். முன்சக்கரக் கேம்பருக்குப் பல கார்களில் திருத்த வசதி இல்லை. ஸ்ட்ரட்டையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி அளவுக்கு மீட்கலாம். மேல்முனையில் போடும் கேம்பர் பிளேட் இன்னும் இடந்தரும். ஆனால் ரப்பர் மவுண்ட் நீங்குவதால் ஒலி கூடும். ஸ்பிரிங்குக்கு ஏற்ற விறைப்பும் குறைந்த நீளமும் உள்ள சாக் அப்சர்பர் இல்லாமல் உயரக் குறைப்பு நிறைவடைவதில்லை.

திருத்தம் முடிந்த அன்றே இரைச்சல் நின்றுவிடாது. ஏற்கெனவே குழியாகத் தேய்ந்த டயர், கோணம் சரியான பிறகும் அந்தக் குழிகளோடுதான் ஓடும். தேய்மானம் லேசானதாக இருந்தால் டயர்களை இடம் மாற்றிப் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒலி தணியலாம். நூல் தெரிந்த டயரை உடனே கழற்றிவிட வேண்டும். அதன்பின் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை மாற்றிப் போடுவதும், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்ப்பதும் போதும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் கார்கள் இதைவிட மிகுந்த நெகட்டிவ் கேம்பரோடு ஓடுவது உண்மையே. வளைவில் பிடிமானம் வேண்டி அங்கே டயரின் ஆயுளைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த அளவுகளை அன்றாடக் காருக்குக் கொண்டுவருவதில் இழப்பு மட்டுமே உண்டு.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடந்தருகிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனமும் தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் கேள்விக்கு உள்ளாக்கலாம்.

உயரம் குறைத்த காரில் டயர் என்பது கோளாறு பதியும் இடமே தவிர, கோளாறு பிறக்கும் இடம் அன்று. முதலில் தடயம், அடுத்து உயரமும் ஆட்டமும், பிறகு சாக் அப்சர்பர், அதன்பின் நான்கு சக்கர அலைன்மென்ட், எல்லாவற்றுக்கும் கடைசியில் புது டயர்: இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர் ஒரே கோளாறுக்கு இரண்டு ஜோடி டயர் வாங்க நேரும். வெட்டிய ஸ்பிரிங்கோடு வந்த காருக்கோ இந்த வரிசையின் முதல் படியே தயாரிப்பாளரின் அளவுப்படியான வெட்டாத ஸ்பிரிங்கை மாட்டுவதுதான்.